மரத்துக்குப் பிரைமர் அடிக்கவேண்டியது பொருத்துவதற்கு முன்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்ததும் குமரி மாவட்டத்தில் பெயிண்ட் கடைகளில் கூட்டம் கூடிவிடும். மழையில் ஊறி இற்றுப்போன கதவு நிலைக்கால், மூலை விட்டுப்போன சன்னல் சட்டம், ஓட்டுச் சரிவின் ஓரத்தில் ஓட்டைத் தாங்கும் கைமரங்களின் முனைகளை மறைத்து அடித்திருக்கும் ஓரப்பலகை என்று வீட்டின் வெளிப்புற மரங்களை மாற்ற ஏற்ற காலம் இது. அண்மையில் உங்கள் நாளிதழின் வீட்டுப் பராமரிப்புப் பக்கத்திலும், கெட்டுப்போன மரத்தை மாற்றி நல்ல எனாமல் பெயிண்ட் இரண்டு கோட் அடித்துவிட்டால் போதும் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் குறிப்பில் விட்டுப்போன விஷயம் ஒன்று உண்டு: பெயிண்டுக்கு அடியில் பூசும் முதல் பூச்சான பிரைமரை, மரத்தைப் பொருத்துவதற்கு முன்பே எல்லாப் பக்கமும் அடிப்பது. புது மரம் பதினைந்து ஆண்டு நிற்பதும் மூன்றாம் ஆண்டே மறுபடி இற்றுப்போவதும் பெரும்பாலும் அதைப் பொறுத்தே அமைகிறது.

இன்று நடக்கும் முறை இதுதான்: தச்சர் புதுப் பலகையை அறுத்துப் பொருத்திவிட்டுப் போகிறார். சில நாள் கழித்துப் பெயிண்டர் வந்து, கண்ணுக்குத் தெரியும் முகத்துக்கு வண்ணம் பூசுகிறார். பலகையின் பின்பக்கம், மேல் விளிம்பு, இரு முனைகளிலும் உள்ள வெட்டுமுகம் இவை எதிலும் ஒரு சொட்டுப் பிரைமர் படுவதில்லை. தண்ணீர் உள்ளே போவதோ அந்த இடங்கள் வழியாகத்தான். இதில் தச்சரையும் குறை சொல்ல முடியாது, பெயிண்டரையும் குறை சொல்ல முடியாது. ஒருவருக்குக் கூலி பொருத்திய பலகைக்கு, மற்றவருக்குக் கூலி வெளியே தெரியும் சதுர அடிக்கு. பின்பக்கம் யார் கணக்கிலும் வருவதில்லை. வீட்டுக்காரர் செய்யவேண்டியது வேலையின் வரிசையை மாற்றுவது: மரம் தரையில் கிடக்கும்போதே ஆறு பக்கமும் பிரைமர் அடித்துக் காயவைத்து, அதன் பிறகே பொருத்தச் சொல்ல வேண்டும்.

காரணத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மரத்தை இற்றுப்போகச் செய்வது பூஞ்சை. மரத்தின் ஈரம் அதன் உலர்ந்த எடையில் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை வேர்பிடிக்காது. 28, 30 விழுக்காட்டைத் தாண்டி, அந்த ஈரம் வாரக்கணக்கில் நீடித்தால் வேகமாகப் பரவும். குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் அது ஓய்ந்துகிடக்கும். நம் ஊர் வெப்பம் ஆண்டு முழுவதும் அதற்குத் தோதானது. அதிலும் குமரி மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையையும் வாங்கிக்கொள்ளும் பகுதி. இடையில் மரம் நன்றாக உலரக் கிடைப்பது தை, மாசி, பங்குனி மாதங்கள்தான்.

மரத்தின் நீளவாக்கு முகம் தண்ணீரை மெதுவாகத்தான் உறிஞ்சும். குறுக்கே அறுத்த வெட்டுமுகம் அப்படியல்ல. மரம் உயிரோடு நின்றபோது வேரிலிருந்து இலைவரை நீரேற்றிய நாளங்களின் வாய்கள் அங்கே திறந்துகிடக்கின்றன. நீளவாக்கு முகத்தைவிடப் பல மடங்கு வேகமாக அந்த முகம் தண்ணீரை இழுக்கும். உள்ளே போன ஈரம் வெளியேறப் பார்க்கும்போது முன்பக்கத்தில் தடிமனான எனாமல் படலம் அடைத்துக்கொண்டிருக்கும். மரம் உலரவே வழியில்லை. பெயிண்ட் பளபளவென்று இருக்க, விரலால் அழுத்தினால் உள்ளே பொதபொதவென்று அமுங்குவது இதனால்தான். பலகையின் நடுப்பகுதி இற்றுப்போவது அபூர்வம். இரண்டு பலகைகள் முட்டும் இடம், சன்னல் சட்டத்தின் கீழ்மூலை, நிலைக்காலின் அடிப்பகுதி அரை அடி, துருப்பிடித்த ஆணியைச் சுற்றி ஓரங்குலம் என்று குறிப்பிட்ட சில இடங்களிலேயே தொடங்கும்.

ஆகவே உளியை எடுப்பதற்கு முன்பு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட வேண்டும். அதை அடைக்காமல் மாற்றிய மரம் தேக்கே ஆனாலும் தாங்காது. ஓரப்பலகை கெட்டிருந்தால் மேலே கடைசி வரிசை ஓட்டைப் பாருங்கள். ஓடு பலகையைத் தாண்டி இரண்டிலிருந்து மூன்று அங்குலம் வெளியே நீண்டிருக்க வேண்டும். நழுவி உள்ளே போயிருந்தாலோ விரிசல் விட்டிருந்தாலோ தண்ணீர் பலகையின் பின்னால்தான் இறங்கும். நிலைக்காலின் அடி கெட்டிருந்தால் முற்றத்தைப் பாருங்கள். மண்ணாக இருந்த முற்றத்தில் சிமெண்ட் போட்டபிறகு, ஓட்டிலிருந்து விழும் மழை தெறித்து ஓரடி உயரத்துக்கு மரத்தை நனைக்கும். சன்னலுக்கு மேலே ஏசியின் தண்ணீர்க் குழாய் சொட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். மழை மாதத்தில் மட்டும் நனைந்த மரத்தை வருடம் முழுவதும் நனைக்கிறது அந்தக் குழாய். சுவர்ப் பூச்சை மரத்தின்மேல் ஏற்றி மழுப்பியிருப்பதும் கெடுதல். மரம் சுருங்கி விரியும், சிமெண்ட் அசையாது. நடுவில் விழும் மயிரிழை விரிசல் மழைநீரை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும்.

தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்கள் கூரைச் சரிவு எவ்வளவு தூரம் சுவரைத் தாண்டி இறங்குகிறது என்று கவனித்துப் பார்க்கலாம். மழை மரத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்வதும், தொட்டால் காற்று வந்து உலர்த்துவதும்தான் அந்தக் கட்டடத்தின் கணக்கு. இன்றைய வீடுகளில் கூரை நீட்டம் குறைந்துவிட்டதால் அந்த வேலையைப் பிரைமரும், சன்னல் சட்டத்தின் அடியில் இழைக்கும் நீர்வடிக் காடியும் செய்ய வேண்டியிருக்கிறது.

எவ்வளவு மரத்தை வெட்டி எடுப்பது என்பதற்கு ஒரு திருப்புளி போதும். முனையை வைத்துக் கையால் அழுத்துங்கள். நல்ல மரம் முனையை உள்ளே விடாது. கெட்ட மரத்தில் கால் அங்குலம் சிரமமில்லாமல் இறங்கும். நெம்பினால் நல்ல மரம் நீளமான சிலும்பாகப் பிளக்கும், கெட்டது துண்டுதுண்டாக ஒடியும். மென்மை முடிகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, அதற்கும் அப்பால் அரை அடி நல்ல மரத்தையும் சேர்த்து வெட்டுவது பாதுகாப்பு. பூஞ்சையின் இழைகள் கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டி ஓடியிருக்கும். வெட்டிய துண்டுகளைத் திண்ணையில் குவித்துவைக்காமல் அன்றே அப்புறப்படுத்துங்கள். கறையானுக்கு அது அழைப்பு.

நிலைக்காலில் அடிப்பகுதி ஓரடிக்குள் கெட்டிருந்தால் முழு நிலையையும் பெயர்க்க வேண்டாம். கெட்டதை அறுத்துவிட்டுப் புதுத் துண்டை ஒட்டலாம். மேல்கட்டையும் கீழ்கட்டையும் பாதிக்குப் பாதி தடிமன் குறைத்து, குறைந்தது ஆறு அங்குலம் ஒன்றின்மேல் ஒன்று படியும்படி இணைக்க வேண்டும். வெளியே தெரியும் இணைப்புக்கோடு உள்ளிருந்து வெளிப்பக்கமாகக் கீழே சரிய வேண்டும். எதிர்ப்பக்கம் சரிந்தால் வழியும் மழைநீரை இணைப்பே உள்ளே அழைத்துச் செல்லும். கீல் உள்ள உயரம்வரை மென்மை ஏறியிருந்தால் ஒட்டு வேலை வீண், முழுக்காலையும் மாற்றிவிடுவதே நல்லது.

பள்ளத்தில் சிமெண்டை அடைக்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். சிமெண்ட் காயும்போது சுருங்கி மரத்தைவிட்டு விலகும், அந்த இடுக்கில் தண்ணீர் தங்கும். சுவருக்குப் போடும் பட்டியும் அப்படித்தான். தீப்பெட்டி அளவுக்குள் இருக்கும் பள்ளத்துக்கு இரண்டு பொருள் கலந்து இறுகவைக்கும் எபாக்ஸி என்ற பிசின் பொருத்தமானது. ஆனால் மென்மையான மரத்தை முழுக்கச் சுரண்டி, நன்றாக உலர்ந்த பிறகே போட வேண்டும். ஈரமரத்தில் அது பிடிக்காது. முதலில் நீர்த்த எபாக்ஸியைப் பூசி மரத்துக்குள் இறங்கவிட்டு, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே களிம்பு வகையை அடைக்க வேண்டும். நம் வெயிலில் கலவை கிண்ணத்திலேயே சூடேறி இறுகிவிடும். கொஞ்சங்கொஞ்சமாகக் கலக்குங்கள், வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

பழைய பெயிண்டைச் சுரண்டுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவைத் தாண்டக்கூடாது என்ற மத்திய அரசு விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு அடித்த எனாமலில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் மிகுதியாக இருக்க வாய்ப்புண்டு. உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். நனைத்துத் தேய்த்து, கீழே பாலித்தீன் விரித்து, சுரண்டியதைச் சேர்த்துக் கட்டி அகற்றுங்கள். குழந்தைகள் பக்கத்தில் இருக்கவே கூடாது.

இனி மரம். குமரி மாவட்டத்தில் ரப்பர் மரம் மலிவாகவும் ஏராளமாகவும் கிடைக்கிறது. பதப்படுத்தியது என்று சொல்லி வெளிப்புற வேலைக்கும் விற்கிறார்கள். ரப்பர் மரத்துக்கு வழக்கமாகக் கொடுப்பது போரான் பதம், அதாவது போரான் உப்புக் கரைசலை ஏற்றுவது. அது தண்ணீரில் கரைந்து வெளியேறக்கூடியது. வீட்டுக்குள் மேசை, நாற்காலிக்கு நல்லதே. மழைபடும் இடத்துக்கு ஆகாது. தேக்கு, அயினி, பலா மூன்றும் வெளிப்புறத்துக்கு நம்பகமானவை, ஆனால் வைரம் பாய்ந்த பகுதி மட்டும். தேக்கே ஆனாலும் ஓரத்தில் வெளிர்நிறமாக ஓடும் வெள்ளைப் பகுதிக்கு உறுதி கிடையாது. பூஞ்சையும் பூச்சியும் அங்கிருந்துதான் தொடங்கும். இளம் தோட்டத் தேக்கில் இந்த வெள்ளை அதிகம். விலை பேசும்போதே பலகையைப் புரட்டி நான்கு விளிம்பையும் பார்த்துவிடுங்கள். வெள்ளை தவிர்க்க முடியாமல் வந்தால் அதை அறுத்து நீக்கச் சொல்லுங்கள்.

மரம் உலர்ந்ததா என்று பார்க்க ஈரமானி வாங்கிக்கொள்வது நல்லது. 15 விழுக்காட்டுக்குக் கீழே காட்ட வேண்டும். கருவி இல்லையென்றால் ஒரு துண்டை நிறுத்து எழுதிவைத்து, நிழலில் காற்றாடப் போட்டு, வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால் உலர்ந்துவிட்டது என்று பொருள். மில்லிலிருந்து வந்த அன்றே அடித்த பலகை அடுத்த சித்திரைக்குள் சுருங்கி இணைப்பு விட்டுவிடும். பலகை ஓரங்குலத் தடிமனுக்குக் குறைய வேண்டாம். ஆறு அங்குல அகலத்துக்கு மேல் போனால் வளையும். மரத்தின் பட்டைப் பக்கமாக இருந்த முகம் வெளியே வரும்படி வைத்தால் நார் எழும்புவது குறையும், பெயிண்டும் நன்றாகப் பிடிக்கும். வெளிவிளிம்புகளைக் கூர்மையாக விடாமல் இழைப்புளியால் லேசாக உருட்டச் சொல்லுங்கள். கூர்விளிம்பில் பெயிண்ட் வழிந்து மெலிந்துவிடும், முதலில் உரிவதும் அங்கேதான். ஒரு பலகைக்கு இரண்டு நிமிட வேலை இது. செய்கிறவர்கள் மிகக் குறைவு.

பிரைமருக்கு முன்பு போரான் கரைசல் பூசுவது பூஞ்சைக்கும் கறையானுக்கும் சேர்த்துத் தடுப்பு. 10 லிட்டர் வெந்நீரில் 600 கிராம் வெண்காரம், 400 கிராம் போரிக் அமிலம் போட்டுத் தெளியும்வரை கலக்க வேண்டும். எல்லா அறுப்பும் துளையும் முடிந்த பிறகே பூச வேண்டும், இல்லாவிட்டால் புதிதாக அறுத்த முகம் வெறுமையாக நிற்கும். ஒன்று உறிஞ்சியதும் அடுத்தது என்று மூன்று முறை பூசி, முனைகளைக் கரைசலில் சில மணி நேரம் நிற்கவிடுங்கள். பிறகு ஒரு வாரமாவது நிழலில் உலர வேண்டும். மேலே வெள்ளைப் பொடி பூத்தால் துணியால் துடைத்துவிட்டுத்தான் பிரைமர். முன்பே சொன்னதுபோல இது மழையில் கரையும், மேலே பெயிண்ட் இருக்கும்வரைதான் உள்ளே நிற்கும். கையுறை போட்டுச் செய்யுங்கள். சமையல் பாத்திரத்தில் கலக்காதீர்கள், மாடு ஆடு குடிக்கும் இடத்தில் வைக்காதீர்கள்.

அடுத்து பிரைமர். எண்ணெய் அடிப்படையிலான வுட் பிரைமர் போதுமானது. ஆறு பக்கமும் இரண்டு கோட். வெட்டுமுகத்துக்கு மட்டும் கூடுதல் கவனிப்பு வேண்டும்: முதல் கோட்டில் பத்தில் ஒரு பங்கு டர்பன்டைன் கலந்து தாராளமாக ஊட்டி, உறிஞ்சியதும் மறுபடி அதையே ஊட்டி, காய்ந்த பிறகு கலக்காத பிரைமர் ஒன்றோ இரண்டோ. முனை பளிங்குபோல அடைபட்டுத் தெரிய வேண்டும். இன்னும் மங்கலாகத் தெரிந்தால் மரம் குடித்துக்கொண்டிருக்கிறது, இன்னொரு கோட் தேவை.

செலவு இரட்டிப்பாகும் என்று பயப்படுகிறவர்களுக்காக ஒரு கணக்கு. பத்தடி நீளம், ஆறு அங்குல அகலம், ஓரங்குலத் தடிமன் உள்ள பலகையின் முன்முகம் 5 சதுர அடி. நான்கு பக்கமும் சேர்த்தால் 12 சதுர அடிக்குச் சற்றுக் குறைவு. பத்துப் பலகைக்கு முன்முகம் மட்டும் இரண்டு கோட் என்றால் 100 சதுர அடி, எல்லாப் பக்கமும் இரண்டு கோட் என்றால் 235 சதுர அடிக்குள். ஒரு லிட்டர் பிரைமர் ஒரு கோட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வரும். ஆக, பத்துப் பலகைக்குக் கூடுதலாகச் செலவாவது ஒன்றரை லிட்டருக்கும் குறைவான பிரைமரும் பெயிண்டரின் அரைநாளும். பத்துப் பலகையை மறுபடி வாங்கி, சாரம் கட்டி, ஓடு இறக்கி ஏற்றும் செலவை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பொருத்தும்போது என்னதான் அளந்து அறுத்திருந்தாலும் இடத்தில் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) இழைக்கவேண்டி வரும். அப்படி இழைத்த, அறுத்த முகம் ஒவ்வொன்றுக்கும் மேலே ஏற்றும் முன்பு பிரைமர் தொட வேண்டும். ஒரு சிறு டின்னும் பழைய பிரஷும் ரம்பத்தின் பக்கத்திலேயே இருந்தால்தான் இது நடக்கும். பெயிண்டர் நாளை வருவார் என்று விட்டால் நடக்காது. நிலையின் சுவரோடு படியும் பக்கத்துக்குத் தார் அல்லது பிட்டுமன் பெயிண்ட் அடிக்கும் பழைய வழக்கம் சரியானது, அதை விட்டுவிட வேண்டாம். ஆனால் வெளியே தெரியும் முகத்தில் அது வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தார்மேல் அடித்த எனாமலில் பழுப்புக் கறை ஊறிவரும்.

சாதாரண இரும்பு ஆணி வேண்டவே வேண்டாம். துருப்பிடித்து உப்பி மரத்தைப் பிளப்பது ஒரு பக்கம். தேக்கு, அயினி போன்ற மரங்களின் துவர்ப்புச் சத்தோடு இரும்பு சேர்ந்து கருநீலக் கறை வழிவது இன்னொரு பக்கம். 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு போடுங்கள். குளச்சல், முட்டம் போலக் கடற்காற்று நேராக வீசும் ஊர்களில் 316 தரம். ஓரங்குலப் பலகைக்கு இரண்டரை அங்குலத் திருகு, முனையிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, முன்துளை போட்டு. தலை மரத்துக்குள் ஒரு நூல் இறங்க வேண்டும். அந்தக் குழியிலும் பிரைமர் தொட்டுவிட்டுப் பிறகே மரத்துக்கான பட்டி அடைக்க வேண்டும். பிரைமர் படாத மரத்தில் அடைத்த பட்டியின் எண்ணெயை மரம் குடித்துவிடும், பட்டி பொடியாக உதிரும்.

இரண்டு ஓரப்பலகைகள் சேரும் இடம் கைமரத்தின்மேல் வரவேண்டும். இறுக்கமாக முட்டவைக்காமல் ஒரு நூல் இடைவெளி விடுங்கள். மழையில் மரம் விரியும்போது முட்டிய முனைகள் ஒன்றையொன்று நசுக்கிப் பிரைமரை உடைத்துவிடும். நிலையின் ஓரத்தில் அடிக்கும் மெல்லிய அலங்காரச் சட்டம் தரையைத் தொடக்கூடாது, அரை அங்குலம் மேலே நிற்கட்டும். நிலைக்கால் சிமெண்ட் தரைக்குள் புதைந்து நிற்பதைவிடக் கருங்கல் படியின்மேல் உட்காருவது எவ்வளவோ மேல். பழைய வீடுகளில் அப்படித்தான் வைத்தார்கள்.

சன்னலின் கீழ்ச்சட்டத்துக்கு வெளிச்சரிவு கட்டாயம். மூன்று அங்குல அகலத்துக்கு அரை அங்குலம் இறங்க வேண்டும். அதன் அடிப்பக்கத்தில், வெளிவிளிம்பிலிருந்து முக்கால் அங்குலம் உள்ளே, கால் அங்குல அகலமும் ஆழமும் உள்ள ஒரு காடி நீளவாக்கில் ஓட வேண்டும். தண்ணீர் விளிம்பைச் சுற்றி அடிப்பக்கமாக ஊர்ந்து சுவருக்குப் போகப் பார்க்கும், காடியை எட்டியதும் சொட்டி விழுந்துவிடும். இந்த நீர்வடியைப் புதுச் சட்டங்களில் பலர் இழைப்பதே இல்லை. இருக்கிற வீட்டிலும் ஒவ்வொரு முறை பெயிண்ட் அடிக்கும்போது காடி நிறைந்து தூர்ந்துபோகிறது. ஒரு திருப்புளி முனையால் அதைச் சுரண்டித் திறந்துவிட்டாலே பல சன்னல்கள் பிழைக்கும்.

இடைவெளி அடைக்கும் சீலன்ட் விஷயத்தில் நல்லெண்ணத்தால் நடக்கும் கெடுதல் ஒன்று உண்டு. சட்டமும் சுவரும் சேரும் இடத்தில் மேல்பக்கமும் இரு பக்கவாட்டும் அடைக்க வேண்டும். கீழ் விளிம்பை அடைக்கவே கூடாது. எப்படியோ உள்ளே வந்த தண்ணீர் வெளியேறும் ஒரே வாசல் அது. சாதாரண சிலிக்கான்மேல் பெயிண்ட் பிடிக்காது. பெயிண்ட் ஏற்கும் பாலியூரித்தேன் அல்லது அக்ரிலிக் வகை என்று கேட்டு வாங்குங்கள். இடைவெளி கால் அங்குலத்துக்கு மேல் இருந்தால் முதலில் நுரைக்கயிறு செருகி, அதன்மேல் போட வேண்டும். இல்லாவிட்டால் சீலன்ட் மூன்று பக்கமும் ஒட்டிக்கொண்டு, மரம் அசையும்போது நடுவில் கிழிந்துவிடும்.

மேல்பூச்சைப் பொறுத்தவரை கடைக்காரர் சொல்லும் எந்த நல்ல வெளிப்புற எனாமலும் சரி. பிரைமர் அடித்துப் பொருத்திய மரத்தை மாதக்கணக்கில் வெறுமனே விடக்கூடாது, பிரைமர் வெயிலில் பொடிந்துவிடும். 150 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசி துடைத்து, மெல்லிய கோட்டாக இரண்டு. வெயில் நேராக விழும் முகத்தில் அந்த வெயிலிலேயே அடித்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து உள்ளே ஆவி சிக்கிக் கொப்பளிக்கும். நிழலைத் துரத்திக்கொண்டு அடிக்க வேண்டும்: மேற்கு முகம் காலையில், கிழக்கு முகம் பிற்பகலில். பனி இறங்கும் மாதங்களில் நான்கு மணிக்கு மேல் தொடங்க வேண்டாம்.

முகப்புத் தேக்கின் நரம்பு தெரியவேண்டும் என்று தெளிந்த வார்னிஷ் கேட்பவர்கள் நிறைய. ஆசை நியாயமானது. ஆனால் தெளிந்த படலம் சூரியனின் புற ஊதாக் கதிரை உள்ளே விட்டுவிடும். அடியில் மரத்தின் மேல்தோல் சிதைந்து, அதோடு சேர்ந்து படலமும் ஏடு ஏடாக உரியும். நேரடி வெயிலும் மழையும் படும் இடத்தில் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை தேய்த்துப் பூசத் தயாராக இருப்பவர்கள் மட்டுமே அதை எடுக்கலாம். தாழ்வாரத்துக்குள் இருக்கும் கதவுக்குத் தயங்காமல் அடிக்கலாம்.

கழிவு எஞ்சின் ஆயில் பூசுவது இன்னும் பல ஊர்களில் நடக்கிறது. அதற்குப் பிறகு அந்த மரத்தில் எந்தப் பெயிண்டும் ஒட்டாது, தொடுகிற கைக்கும் கெடுதல். முந்திரிக்கொட்டை எண்ணெய் கடற்கரையில் படகுக்கும் மரத்துக்கும் பூசிவந்த சரக்கு. கண்ணில் படாத கைமர முதுகுக்குப் பூசலாம், ஆனால் தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும், கறுப்பாகவும் காயும். வெறும் ஆளிவிதை எண்ணெய் பூஞ்சணத்துக்கு உணவு, நம் ஈரக்காற்றில் மாதக்கணக்கில் பிசுபிசுக்கும். அதைத் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும், விரித்துக் காயவைத்துத்தான் எறிய வேண்டும்.

மரத்துக்குப் பதில் சிமெண்ட் ஃபைபர் பலகை அடித்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். அடிக்கலாம், பலகை இற்றுப்போகாது. ஆனால் ஓடு நழுவியிருந்தால் அதன் பின்னால் கைமர முனைகள் யார் கண்ணிலும் படாமல் இற்றுக்கொண்டிருக்கும், அது இன்னும் பெரிய செலவு.

வேலை கொடுக்கும்போது பேச்சோடு விடாமல் மதிப்பீட்டுச் சீட்டில் நான்கு வரி எழுதி வாங்குங்கள்: பொருத்தும் முன் ஆறு பக்கமும் பிரைமர் இரண்டு கோட், வெட்டுமுகம் மூன்று, இடத்தில் அறுத்த முகத்துக்கு அப்போதே பிரைமர், ஸ்டெயின்லெஸ் திருகு மட்டும். அந்தக் கூலியைத் தனியாகக் கொடுத்துவிடுங்கள். பொருத்தும் அன்று காலையில் பலகைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி முனையைப் பார்த்த பிறகே மேலே ஏற்றச் சொல்லுங்கள். ஏறிவிட்ட பலகையின் பின்பக்கத்தைப் பிறகு யாரும் பார்க்க முடியாது.

மிச்சமான பிரைமரைச் சின்ன டின்னில் இறுக்கி மூடி வையுங்கள். வைகாசி முடிவில் ஒருமுறை, புரட்டாசியில் ஒருமுறை ஏணி போட்டு இணைப்புகளையும் கீழ் விளிம்புகளையும் பார்த்து, மயிரிழை விரிசல் இருந்தால் தேய்த்து அதைத் தொட்டுவிடலாம். எங்காவது பெயிண்ட் கொப்பளித்திருந்தால் உடனே மேலே பூச வேண்டாம். கொப்பளத்தை ஊசியால் குத்திப் பாருங்கள். உள்ளே ஈரமிருந்தால் தண்ணீர் பின்பக்கத்திலிருந்து வருகிறது. அப்போது பெயிண்டரைக் கூப்பிடுவதற்கு முன்பு ஓடு மாற்றுகிறவரைக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
வெளிப்புற மரவேலை, பெயிண்டிங் மேற்பார்வையாளர்கள் சிலர்,
நாகர்கோவில்